பிள்ளையின் மாலைப்பொழுது

பிள்ளைகள் திரைக்கு முன்னாற் கழிக்கும் நேரத்தை வீட்டிலே எவ்வாறு வரையறுப்பது என்னும் வினா, இன்று கரவெட்டியில் ஏதேனுமொரு வடிவிற் கேட்கப்படாத வீடு அரிது. பாடசாலைகளில் நடைபெறும் பெற்றோர் கூட்டங்களிலும், பரீட்சைப் பெறுபேறுகளுக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது இதுவே. கைபேசி, தொலைக்காட்சி, கணினி ஆகிய மூன்றும் பிள்ளையைக் கண்முன்னே பறித்துச் செல்லும் ஒரே பொருளாகப் பெற்றோருக்குத் தோன்றுகின்றன. வினாவுக்கு வழமையாகக் கூறப்படும் விடையும் ஒன்றுதான்: தாய் கண்டிப்புடையவளாக இருந்தாற் பிள்ளை கெடாது.

இவ்விடை வரலாற்றைக் கணக்கிற் கொள்ளாத விடை. ஒரு நூற்றாண்டுக் காலத்திலே திரையானது ஊர் வெளியிலிருந்து வீட்டு விறாந்தைக்கும், விறாந்தையிலிருந்து பிள்ளையின் உள்ளங்கைக்கும் இடம்பெயர்ந்து வந்துள்ளது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும், பார்க்கும் நேரத்துக்கு எல்லை வகுப்பது யார் என்பதும் மாறியது. அம்மாற்றத்தைத் தொடர்ந்து நோக்கின், இன்று தாய் ஒருத்தியின் தலையிற் சுமத்தப்படும் பொறுப்பு எங்கெங்கிருந்து கழன்று அங்கே வந்து சேர்ந்தது என்பது விளங்கும்.

திரை வருவதற்கு முன்னரும் பிள்ளைகள் இரவிரவாக விழித்திருந்து பார்த்த கலைகள் இருந்தன. வடமராட்சிக் கோயில் வெளிகளில் ஆடப்பட்ட காத்தவராயன் கூத்தைப் பார்ப்பதற்குப் பாயுங் கையுமாகக் குடும்பங் குடும்பமாகச் சென்றனர். பிள்ளை கதையின் பாதியிலே உறங்கிவிடும். விடியற்புறத்தில் எழுப்பி அழைத்து வருவர். அக்காட்சிக்கு எல்லை வகுத்தது பருவம். நெல்லும் புகையிலையும் வெங்காயமும் பயிரிட்ட ஊரிலே, தோட்ட வேலை ஓய்ந்த காலமும் கோயில் விழாக் காலமுமே கூத்துக்குரிய காலங்கள். ஆண்டிற் சில இரவுகள் மாத்திரமே அவ்வாறு வாய்த்தமையால், எந்தத் தாயும் மணிக்கணக்குப் பார்க்கவேண்டிய தேவை எழவில்லை. ஆயினும் அதனைப் பொற்காலமென்று போற்றுவதற்கில்லை. எந்தப் பிள்ளை எவ்விடத்தில் நின்று பார்க்கலாம், எந்தப் பிள்ளை வீதியோடு நின்றுவிட வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. நேரத்துக்குப் பருவம் வேலியிட்டது போல இடத்துக்குச் சாதி வேலியிட்டிருந்தது.

இலங்கையிலே சினிமா முதன்முதலிற் காட்டப்பட்டது 1901 இல். தமிழ் பேசும் படம் 1931 இல் வெளிவந்தது. பின்வந்த தசாப்தங்களில் யாழ்ப்பாண நகரிலும், எமக்கு அண்மையிலுள்ள பருத்தித்துறை, நெல்லியடி ஆகிய இடங்களிலும் படமாளிகைகள் எழுந்தன. கரவெட்டியிற் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி (1932-2011), தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து 1981 இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே ஒரு முக்கியமான உண்மையை எடுத்துக்காட்டினார். தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரு கலையைப் பார்த்த முதலாவது இடம் படமாளிகையே என்பதும், அங்கே ஆசனத்தைத் தீர்மானித்தது பிறப்பன்று, கையிலுள்ள பணமே என்பதும் அவர் கருத்து. பணமும் ஒரு வேலிதான். ஆயினும் கோயிலும் தேநீர்க்கடையும் அடைக்கப்பட்டிருந்த ஒரு தகப்பன், தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நுழையக்கூடிய ஒரு வாசலாக அது விளங்கிற்று. திரையைப் பொதுவாகப் பழிக்க முற்படுவோர் இதனை மறத்தல் ஆகாது.

அக்காலத்தும் பெரியோர் அஞ்சினர். சினிமா இளைஞரைக் கெடுக்கின்றது என்ற முறைப்பாடு வலுத்தமையால், 1927-28 இல் இந்திய அரசாங்கம் சென்னை வழக்கறிஞர் ரங்காச்சாரியாரின் தலைமையிற் சினிமா பற்றிய விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. அமெரிக்காவிலும் 1929 முதற் சில ஆண்டுகள், படங்கள் சிறுவரைப் பாதிக்குமாற்றைப் பல்கலைக்கழக அறிஞர் ஆராய்ந்தனர். எனவே அச்சம் புதியதன்று. ஆனாற் படமாளிகைக்கு நேரம் இருந்தது, கதவு இருந்தது, சீட்டின் விலை இருந்தது, படம் முடிந்ததும் விளக்கெரியும் வழக்கமும் இருந்தது. நெல்லியடியிலிருந்து இருட்டில் நடந்து வீடுசேர வேண்டிய பிள்ளை நாள்தோறும் படம் பார்க்க இயலாது. வாழ்க்கையின் அமைப்பே எல்லையாக நின்றது.

தொலைக்காட்சி பரவிய நாடுகளில் இந்த அமைப்பு முதன்முறையாக உடைந்த விதம் எமது கவனத்துக்குரியது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் பிரித்தானியாவிலே மாலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையிற் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டிருந்தது. சிறுவர் நிகழ்ச்சி முடிந்து, பெரியோர்க்குரிய நிகழ்ச்சி தொடங்குமுன், தாய்மார் பிள்ளைகளை உறங்கவைப்பதற்கான இடைவெளி அது. பிள்ளைகளுக்கான போர்நிறுத்தம் என்று மக்கள் அதனை வேடிக்கையாக அழைத்தனர். 1955 இல் விளம்பர வருமானத்தை நம்பிய வர்த்தகத் தொலைக்காட்சி அங்கே தொடங்கிற்று. மாலையில் ஒரு மணிநேரம் திரை வெறுமையாக இருத்தல் அந்நிறுவனங்களுக்கு நட்டம். அவற்றின் வற்புறுத்தலின் பின், 1957 பெப்ரவரியில் அந்த இடைவெளி ஒழிக்கப்பட்டது. பிள்ளையை உறங்கவைக்கும் பொறுப்பு பெற்றோருடையதே என்பது அப்போது கூறப்பட்ட நியாயம். அந்த ஒரு மணிநேரத்தின் வரலாற்றிலே, இன்றைய எமது பிரச்சினையின் கரு முழுவதும் அடங்கியுள்ளது. பொதுநிறுவனம் வகுத்திருந்த எல்லை இலாபத்திற்காக நீக்கப்பட்டது. நீக்கியவர் அதனைப் பெற்றோரின் சுதந்திரம் என்று பெயரிட்டனர்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1958 இல், ஹில்டே ஹிமெல்வைற் என்னும் சமூக உளவியலாளரும் அவருடைய சகாக்களும் தொலைக்காட்சியும் பிள்ளையும் பற்றிய பெரிய ஆய்வொன்றை இங்கிலாந்தில் வெளியிட்டனர். தொலைக்காட்சி உள்ள வீட்டுப் பிள்ளைகளையும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்த அவர்கள், திரைக்கு முன்னாற் செல்லும் நேரம் வேறெந்தச் செயல்களின் நேரத்தை விழுங்குகின்றது என்று வினாவினர். விளையாட்டும் நட்பும் வேறு ஈடுபாடுகளும் நிறைந்த பிள்ளை குறைவாகப் பார்த்தது. அவை வாய்க்காத பிள்ளை கூடுதலாகப் பார்த்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னரும் ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையிற் காண்பது இதனையே.

எமது தீவுக்குத் தொலைக்காட்சி வந்த காலம் இன்னொரு மாற்றத்தோடு இணைந்தது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. 1977 இல் வந்த திறந்த பொருளாதாரம் அவ்விலையை வீழ்த்திற்று; அதே துறைமுகத்தால் யப்பானியத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் உள்ளே விட்டது. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982 பெப்ரவரி 15 ஆம் நாள், யப்பானிய உதவியோடு அமைந்த ரூபவாஹினி ஒளிபரப்பை ஆரம்பித்தது. இவற்றுக்கு இடையில், 1981 யூன் முதலாம் நாள் விடிந்தபோது யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு சாம்பலாகிக் கிடந்தது. இந்நிகழ்ச்சிகளிடையே காரண காரியத் தொடர்பு கற்பிக்கவேண்டியதில்லை. எமது பிள்ளைகளின் மாலைப்பொழுதை நிரப்புவதற்கு எது வந்தது, எது பறிக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்வதே போதும்.

மத்திய கிழக்குக்கும், 1983 இன் பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றோர் அனுப்பிய பணத்தினால் வடமராட்சி வீடுகளிற் பெட்டியும் 'டெக்'கும் ஏறின. உயர்ந்த கம்பங்களில் அன்ரனாக் கட்டி இந்தியத் தொலைக்காட்சியைப் பிடித்தனர். வாடகைக்கு எடுத்த 'டெக்'கில் ஓர் இரவிலே மூன்று நான்கு படங்கள் போடுவதும், அயல் முழுவதும் முற்றத்திற் கூடுவதும் அக்கால வழக்கம். திரை வீட்டுக்குள் வந்துவிட்ட போதிலும், பார்ப்பது இன்னுங் கூட்டுச் செயலாகவே இருந்தது. ஒரு பெட்டி, பல கண்கள். எதைப் போடுவது, எப்போது நிறுத்துவது என்பதிற் பலர் வாய்வைத்தனர்.

பின்னர் யுத்தம் எல்லை வகுத்தது. 1987 இன் வடமராட்சித் தாக்குதலின்போது நெல்லியடி மத்திய மகா வித்தியாலயமே இராணுவ முகாமாகி, யூலை 5 ஆம் நாள் வெடிகுண்டுத் தாக்குதலுக்கு இலக்காயிற்று. 1990 யூனில் மீண்டும் யுத்தம் மூண்டபின் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. கொக்காவிலில் இருந்த ஒளிபரப்புக் கோபுரமும் அழிந்தது. மண்ணெண்ணெய்க்கும் மின்கலங்களுக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரிலே ஒரு தலைமுறை படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டது. அந்தத் தலைமுறையினர் இன்று தாய் தந்தையராக உள்ளனர். “நாங்கள் திரை இல்லாமற் படிக்கவில்லையா?” என்று அவர்கள் பிள்ளைகளைக் கேட்கின்றனர். கேள்வியில் உள்ள வேதனை உண்மையானது. ஆயினும் முற்றுகையைக் கல்விமுறையாகக் கொள்ளலாகாது. திரை இல்லாத அந்த ஆண்டுகளிற் பிள்ளைகளுக்கு மருந்தும் போதிய உணவும் இல்லாமற் போயின. பலருக்கு வீடே இல்லாமற் போயிற்று. அத்துணை இழப்பின் நடுவிலும் படிப்பைத் தாங்கிநின்றது இருட்டன்று. ஒரே விளக்கைச் சுற்றிப் பலர் அமர்ந்ததும், ஒருவருக்கொருவர் பாடஞ் சொல்லிக் கொடுத்ததும், ஆசிரியர் இடம்பெயர்ந்த இடத்திலும் மரநிழலில் வகுப்பு நடத்தியதுமே அதனைத் தாங்கின.

2002 இன் போர்நிறுத்தத்தோடு ஏ-9 வீதி திறந்தது. கைபேசியும் செய்மதித் தொலைக்காட்சியும் அவ்வழியே வந்தன. தென்னிந்தியத் தொடர்நாடகங்கள் வீட்டு மாலைகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கின. 2009 இல் யுத்தம் முடிந்தபின், தொடுதிரைக் கைபேசி சில ஆண்டுகளுக்குள் வீடுதோறும் புகுந்தது. அது வரும்போது சுமந்து வந்தது படங்களை மாத்திரமன்று. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் தந்தையின் முகத்தையும் அதுவே கொண்டுவந்தது. பேரனின் பேச்சைத் திரையிற் கேட்டு ஆறுதலடையும் மூதாட்டிக்கு அது உறவின் உயிர்நாடி. பிள்ளை திரையோடு கழித்த நிமிடங்களைக் கூட்டிக் கணக்கிடும்போது, தந்தையோடு பேசிய அரைமணியையும் யாரோ ஒருவர் பொம்மைப் பெட்டியைத் திறக்கும் படத்தைப் பார்த்த அரைமணியையும் ஒரே நிரலில் எழுதுவது தகாது.

2020 மார்ச் நடுப்பகுதியில் நோய்த்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை கைபேசியைப் படலைக்கு வெளியே நிறுத்திய கல்வியுலகமே, அதனைப் பிள்ளையின் கையிற் கொடுக்குமாறு பெற்றோரிடம் கேட்டது. வட்சப்பிற் பாடம், சூமில் வகுப்பு. கருவி வாங்க வசதியற்ற வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி. அலைத்தொடர்பு கிட்டாத ஊர்களிற் பிள்ளைகள் பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறிப் பாடங்கேட்டனர். பாடசாலை திறந்தபின்பு கைபேசி மாத்திரம் வீட்டைவிட்டுப் போகவில்லை. 2022 மார்ச் 31 ஆம் நாள், பொருளாதார நெருக்கடியினால் நாடு 13 மணிநேரம் மின்வெட்டைக் கண்டது. அப்பொழுதுங்கூட இருட்டில் ஒளிர்ந்தது கைபேசித் திரையே. மின்சாரம் நின்றாற் திரையும் நிற்கும் என்ற பழைய எல்லையும் அத்துடன் நீங்கியமை கண்கூடு.

இவ்வாறு பருவம், கதவு, சீட்டின் விலை, ஒளிபரப்பு முடியும் நேரம், மின்சாரம் என எல்லைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இவை தற்செயலாகக் கழன்றவையென்று கொள்வதற்கில்லை. கைபேசியிலே பக்கம் முடிவடையாது கீழ்நோக்கி உருண்டுகொண்டே போகும் அமைப்பு 2006 இல் வகுக்கப்பட்டது. அதனை வகுத்த அமெரிக்க வடிவமைப்பாளர் ஏஸா றஸ்கினே பின்னர் அதன் விளைவுகளுக்காக வருந்திப் பேசினார். ஒரு காணொளி முடிய மற்றையது தானாகத் தொடங்குவதும் அதே நோக்கினது. தமது போட்டியாளர் உறக்கமே என்று நெற்பிளிக்ஸ் நிறுவனத்தின் தலைவர் 2017 இல் முதலீட்டாளருக்கு வெளிப்படையாகவே கூறினார். பழைய ஆலை முதலாளி தொழிலாளியின் வேலை நாளை நீட்டி இலாபம் பெற்றான். இன்றைய நிறுவனம் பிள்ளையின் ஓய்வு நேரத்தை நீட்டிப் பெறுகின்றது. பிள்ளையின் கவனமே அங்கு விளம்பரதாரருக்கு விற்கப்படும் பண்டம். ஆயிரக்கணக்கான பொறியியலாளர் கூடி வகுத்த ஒரு பொறியின் முன்னால், தோட்டத்தில் வெங்காயம் கிண்டிவிட்டு மாலையிற் களைத்து வரும் தாயை நிறுத்தி, கண்டிப்புப் போதாதென்று அவளைக் குறைகூறுவது எவ்வகை நீதி?

அரசுகள் சில இதனை உணரத் தொடங்கியுள்ளன. சீனா 2021 இல், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் இணைய விளையாட்டை வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் ஒவ்வொரு மணிநேரமாக வரையறுத்தது. அவுஸ்திரேலியா 2024 இற் சட்டமியற்றி, 2025 டிசெம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களிற் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. மீறினால் தண்டம் நிறுவனத்துக்கே, பெற்றோருக்கோ பிள்ளைக்கோ இல்லை. இச்சட்டங்களின் பயன் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பொறுப்பு வீட்டுக்கு வெளியிலும் உண்டு என்ற கொள்கையை அவை மீண்டும் நிலைநாட்டியமை கவனத்துக்குரியது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டல், இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாமென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணிநேரத்துக்கு மேற்படாமல் இருப்பது நன்றென்றும் கூறுகின்றது. அதே ஆவணம் ஓடியாடும் விளையாட்டுக்கும் உறக்கத்துக்கும் கூடவே நேரம் வகுத்துள்ளது. எம்மவர் முதற் பாதியை மாத்திரம் படிக்கின்றனர்.

ஏனெனில் இரண்டாம் பாதி எம்மை நோக்கி விரல் நீட்டுகின்றது. எமது ஊர்ப் பிள்ளையின் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலையிற் பாடசாலை, பிற்பகலில் நெல்லியடியில் ரியூசன், இரவில் வீட்டுவேலை, வார இறுதியிலும் ரியூசன். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிலுக்காகப் பத்து வயதுக்குள்ளேயே விளையாட்டைப் பறிகொடுத்த பிள்ளைக்கு, இடையிற் கிடைக்கும் துண்டு நேரங்கள் மட்டுமே சொந்தம். கால்மணி நேரத்திற் கிளித்தட்டு மறிக்க இயலாது. அணி சேர்ப்பதற்கே அது போதாது. கால்மணி நேரத்திற் கைபேசி பார்க்கலாம். துண்டாக்கப்பட்ட நேரத்துக்கு ஏற்றவாறு வெட்டப்பட்ட பண்டம் அது. யுத்தத்தின் பின் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் வாழும் வடக்கிலே, உழைக்கச் சென்ற தாய்க்குப் பதிலாகப் பிள்ளையை வைத்திருக்கும் செவிலியாகவும் கைபேசி பணியாற்றுகின்றது. அவளிடம் அதனைப் பறிப்பதற்கு முன், அதற்கு ஈடாக எதைக் கொடுக்கப்போகின்றோம் என்பதைக் கூறல் வேண்டும்.

வீட்டிலே செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. உணவு வேளையிலும் படுக்கையிலும் கைபேசி கூடாதென்ற விதி பெரியவருக்கும் பிள்ளைக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். தகப்பன் மீறும் விதியை மகன் மதிப்பதில்லை. இரவிற் கைபேசிகள் யாவும் தலைவாசலில் ஒரே இடத்தில் மின்னேற்றப்படட்டும். சிறுவர் பார்ப்பதை யாராவது ஒருவர் கூட இருந்து பார்த்து, அதுபற்றிப் பேசட்டும். எவ்வளவு நேரம் என்பதைப் பிள்ளையோடு கலந்து முடிவுசெய்யட்டும். தான் சேர்ந்து வகுத்த விதியைப் பிள்ளை எளிதில் மீறுவதில்லை. இவற்றிற் பணஞ் செலவாகும் காரியம் ஒன்றுமில்லை.

எனினும் வீடு தனித்து நின்று இதில் வெல்ல முடியாது. இக்குடாநாட்டில் ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் எழுந்த வரலாறு எமக்கு உண்டு. பத்திரிகை படிக்கும் மண்டபமும், பக்கத்தில் ஒரு விளையாட்டுத் திடலும், மாலையில் விளக்குமாக இளைஞர் தம் உழைப்பால் அமைத்தவை அவை. கோயிலும் கிணறும் மறுக்கப்பட்டோர் தமக்கெனப் பாடசாலையும் வாசிகசாலையும் கட்டியெழுப்பிய வரலாறும் வதிரிப் பகுதிக்கு உண்டு. பிள்ளையின் மாலைப்பொழுது பொதுச்சொத்து என்பதை அம்முன்னோர் அறிந்திருந்தனர். அந்த நிலையங்கள் மாலை 4 மணி முதல் 7 மணி வரை பிள்ளைகளுக்கெனத் திறந்திருக்க வேண்டும். பிரதேச சபை அதற்கு ஒரு பொறுப்பாளரையும், சில கதைப் புத்தகங்களையும், ஒரு பந்தையும் வழங்கட்டும். வாரத்தில் இரண்டு மாலைகளாவது ரியூசன் இல்லையென்று ஊரே கூடி முடிவெடுக்கட்டும். ஒரு பெற்றோர் தனியே தம் பிள்ளையை ரியூசனிலிருந்து நிறுத்த அஞ்சுவர். யாவருஞ் சேர்ந்து நிறுத்தினால் எவருடைய பிள்ளையும் பின்தங்காது.

இதனை முன்னெடுக்கவேண்டியோர் ஆசிரியரும் உயர்வகுப்பு மாணவருமே. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தாய்மாருக்குக் கண்டிப்புப் பற்றி உபதேசஞ் செய்வதற்கு முன், தத்தம் குறிச்சியிலுள்ள சனசமூக நிலையத்தின் கதவு மாலையிற் திறந்திருக்கின்றதா என்று ஒருமுறை சென்று பார்த்துவருவோம். பூட்டியிருந்தால், அதன் திறப்பு யாரிடம் உள்ளதென்று கேட்போம்.